மண் ஆறட்டும் என்று விட்டேன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

பயப்படாமல் வாசியுங்கள். இந்த நாட்டில் நகர கவுன்சில் தந்த தோட்டத் துண்டில் இரண்டு வருடம் பயிர் செய்துவிட்டு, நீங்கள் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்து, பிறகு அதை விட்டு வேறு காட்டுக்குப் போவீர்களே, அதைப் போல, மண் ஆறட்டும் என்று காடாக விட்டேன். பராமரிக்கவில்லை என்று எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டது!

பக்கத்துத் தோட்டத்துப் பாலாம்பிகை அன்ரி சிரித்தார். “பிள்ளை, இஞ்ச வேற காட்டுக்குப் போக ஏலாது. எருவைப் போடு” என்று தன் மூட்டைகளையே தந்தார். இப்போது கீரை தளதளவென்று நிற்கிறது.

நீங்களும் சேனையை விட்டு ஒரே நிலத்தில் நிலைத்துவிட்டதாக அம்மா சொன்னார். விட்டுப்போகிற நிலத்தில் எதற்கு மரம் என்பீர்களே, இப்போது நான் வந்து சாப்பிடவென்று மாங்கன்று நட்டிருக்கிறீர்களாம். நன்றி அப்பா. கன்றின் படம் அனுப்புங்கள்.

ஷிப்டுக்கு நேரமாகிறது. காய்க்க ஐந்து வருடமாமே? அப்போது ஊருக்கு வருவதற்கான லீவை இன்றே கேட்டுவிட்டேன்.

உங்கள் மகள்,
ஜதுர்ஷிகா