பதினோராவது சரம்

ஸ்ரீ:

திருமலை,
ஐப்பசி 22

குழந்தை ஸ்ரீவல்லிக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். பெருமாள் கிருபையில் நானும் அப்பாவும் சௌக்கியம். மழையும் குளிரும் ஒன்றாகச் சேர்ந்து மலையைப் பிடித்துக்கொண்டிருப்பதைத் தவிர இங்கே வேறு குறை இல்லை. நீயும் பரோடாவில் சௌக்கியம் என்றுதான் போனில் சொல்கிறாய், அதில் நான் பாதியைத்தான் நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நான் வழக்கம்போல அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று வைத்துவிடுவேன். இதை அப்படிப் பாதியில் வைத்துவிட முடியாது. உன் காலேஜ் கண்காட்சியில் வைத்திருந்த உன் வேலையில் ஒரு பகுதியை நான் அழித்துவிட்டேன் வல்லி. தெரியாமல் செய்ததுதான், ஆனாலும் செய்தது நான்தான். எல்லாம் கட்டி அனுப்பியாயிற்றா என்று நீ கேட்கிறபோதெல்லாம் உன் வாத்தியார் கோவர்த்தனன் சார் பேச்சை மாற்றுகிறாரே, அதுவும் என்னால்தான். நானே சொல்கிறேன் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். ஆகையால் அவரைக் கோபித்துக்கொள்ளாதே, என்னைக் கோபித்துக்கொள், அதுவும் முழுக்கப் படித்த பிறகு.

நீ நாலு வருஷம் படித்த காலேஜுக்குள் நான் ஒரு நாள்கூடக் கால் வைத்ததில்லை. படம் வரைகிறதெல்லாம் ஒரு படிப்பா என்று சொல்லிக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டேன். இந்தத் தடவை நீ போய்ப் பாரேன் என்று நாலு தரம் சொன்னாய், முழங்கால் வைத்தியத்துக்கும் திருப்பதிக்கு இறங்க வேண்டியிருந்தது, சரி என்று போனேன். உன் அப்பாவுக்குக் கோவிலில் பாசுரம் சேவிக்கிற கோஷ்டி இருந்ததால் நான் மட்டும்தான். எல்லோரும் வாசலில் விருந்தாளியின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், எனக்கு நின்று கேட்க முழங்கால் இடம் கொடுக்கவில்லை, நேரே உள்ளே போய்விட்டேன். பிள்ளைகள் என்னென்னவோ செய்து வைத்திருந்தார்கள். தடாவிலிருந்து வருகிற ஒரு பையன், செக்போஸ்டில் காத்துக் கிடக்கிற லாரிக்காரர்கள் ஸ்டியரிங்கில் தலை சாய்த்துத் தூங்குவதை ஒவ்வொருவராக வரைந்திருக்கிறான். உனக்கு அடுத்த செட் ஸ்ரீதேவி, பிச்சாட்டூர்ப் பெண், அவள் அம்மா போனில் தினமும் கேட்கிற கேள்விகளை நெல் மூட்டைச் சாக்கில் சிவப்பு நூலால் தைத்திருக்கிறாள். துன்னியா, பஸ்ஸு கெடச்சுதா, தல வலிக்குதுன்னியே இப்ப எப்படிக்கீது. அதையே நாற்பது ஐம்பது தரம் தைத்திருக்கிறாள். எழுத்து அவ்வளவு பெரிது, எனக்குக் கண்ணாடியே வேண்டியிருக்கவில்லை. இதில் என்ன கலை இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன், பிறகு நானும் உன்னிடம் அதைத்தானே கேட்கிறேன் என்று தோன்றியதும் அங்கேயே நின்றுவிட்டேன்.

உன்னுடையது என்றால் ஏதாவது பெயின்டிங்காக இருக்கும் என்று நான் சட்டம் போட்ட படங்களையே தேடிக்கொண்டு போனேன். கடைசி அறையில் ஒரு பழைய பஸ் சீட், அதன்மேல் காய்ந்த பூச்சரங்கள். பின்னால் சுவர் முழுக்கவும் சரம் சரமாகப் பூ, அவற்றுக்குக் கீழே ஏதோ சின்னச் சின்ன அட்டைகள். மழைக்குப் பயந்து கண்ணாடியைப் பைக்குள் வைத்திருந்தேன், எடுத்துப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. இந்த ஊரில் காய்ந்த பூவை இப்படிச் சேர்த்து வைத்திருந்தால் எனக்கு வேறென்ன தோன்றும் சொல். ஏதோ கோவிலில் சாத்திக் களைந்த நிர்மால்யத்தைக் கொண்டுவந்து அலங்காரத்துக்குப் போட்டிருக்கிறார்கள், அதுவும் உட்காருகிற இடத்தில், எவனாவது வந்து மேலேயே உட்காரப் போகிறான் என்று பதறிப் போனேன். சாத்திக் களைந்த பூவைக் கால் படாமல் கிணற்றில் சேர்க்க வேண்டும் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். சீட்டில் இருந்ததையெல்லாம் புடவைத் தலைப்பில் வாரிக்கொண்டு, காலேஜின் பின்பக்கத் தோட்டத்துக் கிணற்றில் போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தேன். சுவரில் தொங்குவதைக் கால் மிதிக்காது, அதைப் பெரியவர்கள் யாரிடமாவது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அது மிஞ்சியதற்கு அந்த ஒரு நினைப்புதான் காரணம். திரும்பி வரும்போது புண்ணியம் செய்த பெருமை வேறு.

அந்தப் பெருமை ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை. ஸ்ரீதேவி வெறும் சீட்டைப் பார்த்துவிட்டு நாலு பக்கமும் தேடிக்கொண்டிருந்தாள். நான் பெரிய மனுஷியாக அவளைக் கூப்பிட்டு நிர்மால்யத்தை எங்கே வைப்பது என்று பாடம் எடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அம்மா அது வல்லி அக்கா ஒர்க்குமா, அத்த இன்னாத்துக்கு எடுத்துக்கினு போனீங்க என்றாள், அவ்வளவுதான். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். காலையில் பஸ் ஸ்டாண்டில் ஒரு முழம் வாங்கி வைத்துக்கொள்வதும், சாயங்காலம் மலைக்கு வருவதற்கு முன்னால் காலேஜிலேயே கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு வருவதும் நாலு வருஷமாக நடந்திருக்கிறது, ஸ்ரீதேவி சொல்கிறவரை எனக்கு ஒன்றும் தெரியாது. மலையில் பூவெல்லாம் பெருமாளுக்குத்தான், நம் பெண்கள் யாரும் தலையில் வைத்துக்கொள்வதில்லை என்பதை நீ மீறவும் இல்லை, ஆசையை விடவும் இல்லை. அட்டைகளை நின்றுகொண்டே ஒவ்வொன்றாகப் படித்தேன். இன்று மழை. இன்று இன்டர்னல் தேர்வு, ஒன்றும் தெரியவில்லை. இன்று சிரித்துச் சிரித்து வயிறு வலி. அப்புறம் இது: பின்னலில் ஒட்டியிருந்த ஒரு மல்லிகை இதழை அம்மா பார்த்துவிட்டாள், இரண்டு நாளாகப் பேசவில்லை. வல்லி, நான் அதை மறந்தே போயிருந்தேன். நீ அந்த நாளைக் காய வைத்து வைத்திருக்கிறாய்.

நான் வாரிப்போட்டது நீ கடைசியாகக் காலேஜுக்குப் போன பத்து நாளின் சரங்கள். அவற்றின் அட்டைகள் மட்டும் சுவரில் ஒட்டியபடி இருக்கின்றன. பரோடாவில் இடம் கிடைத்தது, வீட்டில் சொல்லவில்லை. இன்றும் சொல்லவில்லை. சொல்லிவிட்டேன், அம்மா ஒன்றும் பேசவில்லை, சாத்தமுதில் இரண்டு தரம் உப்பு. உப்பு என்று தெரிந்தும் வாய் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தாயே, அழுத்தக்காரி. பத்தாவது அட்டையை மட்டும் நான் மூன்று தரம் படித்தேன். இன்று இரண்டு முழம் வாங்கினேன், ஒன்று அம்மாவுக்கு, மேலே எடுத்துப் போக முடியாது என்று சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது. இருபத்திரண்டு வருஷம் மலைமேல் வளர்ந்தவளுக்கு அது சாயங்காலம்தான் ஞாபகம் வந்ததாம், யாரிடம் கதை விடுகிறாய். பத்து நாளைக்குப் பதினோரு சரம் இருந்ததாக ஸ்ரீதேவி சொன்னதன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. எனக்கென்று வாங்கியதையும் நானே கிணற்றில் போட்டிருக்கிறேன். அங்கே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, அத்தனை பிள்ளைகளுக்கு எதிரில் அழுதேன். பக்கெட் போட்டுத் தேடினார்கள், நாரும் சேறும்தான் வந்தது.

ஆத்துக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பெருமாளுக்குச் சாத்தாத பூ எப்படி நிர்மால்யமாகும், யாரையாவது விசாரித்திருக்கக் கூடாதோ என்றார். சரியாகச் சொன்னதால் இன்னும் கோபம் வந்தது, ராத்திரி தளிகையை அவரே பரிமாறிக்கொள்ள விட்டுவிட்டேன். மறுநாளிலிருந்து முழங்காலுக்குப் பத்து நாள் தொடர்ந்து வரச் சொல்லியிருந்தார் டாக்டர். முதல் நாளே பஸ் ஸ்டாண்டில் உன் பூக்காரி லட்சுமம்மாவைத் தேடிப் பிடித்தேன். என் மூக்கைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். நீ வல்லி அம்மாவா, அந்தப் பொண்ணு ஒரு நாளு ரெண்டு மொழம் குடுன்னுச்சு, ஒண்ணு எங்கம்மாவுக்குன்னுச்சு, நீ வச்சிக்கினியா என்று கேட்டாள். ஒரு முழம் கொடு என்று வாங்கி, கல்யாணம் கார்த்திகை என்று எதுவும் இல்லாத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் தலையில் வைத்துக்கொண்டேன். எல்லோரும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது, உண்மையில் ஒருவரும் பார்க்கவில்லை.

வைத்தியம் முடிந்ததும் நேரே உன் காலேஜ், சாயங்காலம் பஸ்ஸுக்கு முன்னால் கழற்றி உன் அலமாரியிலேயே வைப்பது என்று பத்து நாளும் செய்தேன். ஸ்ரீதேவி அட்டை வெட்டிக் கொடுத்தாள், எழுத்து என்னுடையது. முதல் நாள் அட்டையில் தலை கனக்கிறது என்று எழுதியிருக்கிறேன். மூன்றாம் நாள், பிள்ளைகள் என்னை உட்கார வைத்து வரைந்தார்கள், எல்லாப் படத்திலும் கோபமாகவே இருக்கிறேன். ஆறாம் நாள் உன் அப்பாவும் கூட வந்தார், பூக்கடையில் எத்தனை முழம் கேட்பது என்று தெரியாமல் கால் கிலோ என்று கேட்டு லட்சுமம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். எட்டாம் நாள், இன்று வல்லி போனில் இருமினாள். அந்தப் பத்துச் சரத்தையும் அட்டைகளையும் தனியாக ஒரு டப்பாவில் வைத்து அனுப்புகிறேன், புளிக்காய்ச்சல் வேறு பெட்டியில் வருகிறது, எண்ணெய் ஒழுகினாலும் பூவுக்குப் பயமில்லை. பரோடாவில் நீ காட்டுவதற்கு உன் சரங்களையும் சீட்டையும் கோவர்த்தனன் சார் 25ஆம் தேதி அனுப்புகிறார். என்னுடையவற்றை உன் சீட்டில் வைப்பதும் வைக்காமல் விடுவதும் உன் இஷ்டம், உன் வேலை அது. அந்தப் பத்து நாளின் இடத்தை வெறும் சீட்டாகவே அங்கே காட்டினாலும் நான் வருத்தப்பட மாட்டேன். கொஞ்சம் வருத்தப்படுவேன், அதை நீ கண்டுகொள்ளாதே.

பதினோராவதை மட்டும் நான் வாங்கவில்லை. வாங்கக் காசும் இருந்தது, லட்சுமம்மா கையில் எடுத்தும் கொடுத்தாள், வேண்டாம் என்றுவிட்டேன். அது நீ எனக்கு வாங்கினது, அதை நானே எனக்கு வாங்கிக்கொண்டால் ஆகாது. சங்கராந்திக்கு வரும்போது நேராக மேலே வராதே. நான் இறங்கி வந்து பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன், லட்சுமம்மாவிடம் ஒரு முழம் வாங்கி நீயே என் தலையில் வைத்துவிடு. ஒரு மணி நேரம் அங்கேயே எங்காவது உட்கார்ந்து காபி குடிப்போம், பிறகு கழற்றிக்கொண்டு மேலே வரலாம்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே, இருமலுக்கு மிளகு அனுப்பியிருக்கிறேன். அந்த ஊர்ச் சாம்பாரில் சர்க்கரை போட்டால் மோரை ஊற்றிக்கொண்டு சாப்பிடு, பட்டினி கிடக்காதே. பெருமாளும் தாயாரும் உன் கைக்குத் துணையிருக்கட்டும், அந்தக் கை எதைச் செய்தாலும் நன்றாக வரட்டும். ரயில் டிக்கெட்டை இப்போதே போட்டுவிட்டு எனக்குத் தேதி சொல். அன்று வரைக்கும் தலையில் பூ வைத்துக்கொள்ளாமல் காத்திருக்கிற,

உன் அம்மா
வஸுமதி