அண்ணையின் கறிவேப்பிலையில் இருக்கும் பூச்சி

என்னோடு சண்டை பிடிக்க இனி வராத என் அன்பு அண்ணைக்கு,

உங்கள் கறிவேப்பிலையில் பூச்சி. கோடையில் பல்கனியிலும் குளிரில் ஹோலுக்குள்ளும் பிள்ளை மாதிரி வைத்து வளர்த்தீர்களே, அதே மரத்தில். "தம்பி, கொழுந்தெல்லாம் சுருளுது, கையிலை பிசுபிசுக்குது. ஒருக்கா வந்து பாருங்கோ" என்று அண்ணி ஃபோன் எடுத்தா. பூச்சி பார்க்கிற லென்ஸோடு ஹனோவருக்கு ரயில் ஏறினேன்.

சாதாரண அசுவினிப் பூச்சியாக இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டினேன். அதற்குச் சோப்புத் தண்ணீர் போதும். இவையோ தலையைக் கொழுந்தில் புதைத்து, பின்பக்கத்தைத் தூக்கிச் சாய்ந்து நின்று சாறு குடித்தன. சுற்றி மஞ்சள் குஞ்சுகள், வெள்ளை மெழுகு நூல்கள். அருகே நின்ற மிளகாயிலும் மல்லிகையிலும் ஒன்றுகூட இல்லை. ஆனால் பக்கத்து வீட்டு ஜெர்மன் மனுசியின் எலுமிச்சைச் சாடியில் இருந்தன. எலுமிச்சையும் கறிவேப்பிலையும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தையே தேடிப் போகும் சைலிட் பூச்சி இது. தோடம்பழம், எலுமிச்சைத் தோட்டங்களைக் கொல்லும் நோயைக் காவிப் பரப்புவது. கண்டால் பயிர்ப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். அவர்கள் மரத்தை அழிப்பார்கள்.

ஊரில் எடுத்த விவசாயப் பட்டத்தை இங்கே அங்கீகரிக்கக் கேட்டு அன்ட்ராக் என்ற விண்ணப்பம் போடப் போனவனை, "அதெல்லாம் பிறகு, முதல்லை ரெஸ்ரோறன்ரிலை கோப்பை கழுவ வா" என்று இழுத்துக்கொண்டு போனவர் நீங்கள். விருந்தினர் முன்னால், "எங்கடை புரொபெசர், கோப்பையிலை என்ன பூச்சி ஓடுது?" என்று கேட்டுச் சிரித்தவரும் நீங்கள்தான். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று, வந்த குடும்பங்களுக்கெல்லாம் உங்கள் நினைவாக அந்த மரத்தடியிலிருந்து வேரோடு ஒவ்வொரு கன்று பிடுங்கிக் கொடுத்தா அண்ணி. பேர்லின் வரைக்கும் பதினொரு வீடு. அன்றைக்கே ஒரு கொழுந்து சுருண்டிருந்ததைக் கண்டேன், அண்ணை. என்னை ஆர் கேட்டது என்று பேசாமல் சோற்றைப் பிசைந்தேன்.

இப்போது எத்தனை வீட்டில் அந்தப் பூச்சி இருக்கிறது? எத்தனை எலுமிச்சைக்குப் பறந்திருக்கும்?

"பெரிசா ஒண்டுமில்லை எண்டு சொல்லுங்கோவன், தம்பி" என்றா அண்ணி. அந்தப் பதினொரு வீட்டுச் சாடிகளிலும் நீங்கள் இருக்கிறீர்கள் என்று நம்புறா. லென்ஸைத் துடைப்பதுபோல நின்றேன். மரம் போனால் அவ தாங்குவாவா? நான் கண்டும் சொல்லாததை அறிந்தால் என் முகத்தில் முழிப்பாவா?

நாளைக் காலை முதலில் அவவிடம் சொல்வேன். பிறகு அலுவலகத்துக்கு. அதன்பின் பதினொரு வீட்டுக்கும் நானே ஃபோன் எடுத்து, அன்று வாய் திறக்காததையும் சேர்த்துச் சொல்வேன். உங்கள் மேல் இருக்கிற கோபத்துக்காக இனி எங்கும் வாய் மூடி இருக்கமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் கடைசித் தம்பி,
புரொபெசர்