சுகிர்தா வைத்த லைசென்ஸ்

கவரைப்பேட்டை,
ஞாயிறு, ஆராதனை முடிந்து.

புனே நகரத்தையே ஆட்டிப் படைக்கும் என் மருமகள் சுகிர்தாவுக்கு, கும்மிடிப்பூண்டி இரும்பு மில்களின் முடிசூடா மன்னன் எட்வர்ட் மாமா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம். உன் ஏஞ்சல் அத்தை வைத்த இறால் குழம்பின் வாசனைக்கு ஆந்திராவிலிருந்து பூனைகள் ரயிலேறி வந்துகொண்டிருக்கின்றன.

போனில் உன் தம்பி ஜெபாவின் பேரை எடுத்தாலே “சிக்னல் இல்ல மாமா” என்கிறாய். அதனால்தான் கடிதம்.

எங்கள் மில்லில் கிரேன் நகரும்போது எலக்ட்ரானிக் எச்சரிக்கை போர்டில் தமிழ் எழுத்து ஓடும். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறி ஓடும். பார்க்கிறவன் சிரிக்கிறானே தவிர நகர்வதில்லை. போன வாரம் ஒரு கம்பிக்கட்டு என் ஹெல்மெட்டை உரசிக்கொண்டு போயிற்று. இதில் மட்டும் நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

எழுத்தைச் சிதறாமல் காட்ட, உன் கல்யாணத்துக்கு முன் நீயும் ஜெபாவும் சேர்ந்து ஒரு குட்டி புரோகிராம் எழுதி இணையத்தில் போட்டீர்களே, அதை எங்கள் கம்ப்யூட்டர் ஆள் ஜெகனிடம் சொன்னேன். யார் வேண்டுமானாலும் தங்கள் வேலையில் சேர்த்துக்கொள்ளும் இதுமாதிரி புரோகிராமுக்கு லைப்ரரி என்று பெயராம். ஆனால் லைசென்ஸ் இல்லாமல் தொட முடியாது என்றான்.

சும்மா கொடுப்பதற்கு எதற்கடா லைசென்ஸ் என்று மடக்கினேன். “கதவு தொறந்துகினு இருக்குதுன்னு அடுத்தவங்க ஊட்ல பூந்து சோறு துன்ன முடியுமாண்ணே? வந்து துன்னுங்கன்னு ஊட்டுக்காரங்க எழுதி வெக்கணும்” என்றான். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இரண்டு நாள் சாப்பாட்டைக்கூட மறந்தேன். (அத்தை மறுப்பாள்.)

அவன் கேட்டதும் நீயும் ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ் வைத்தாய். ‘உரிமை: சுகிர்தா’ என்று உன் பேர் மட்டும். இணையத்தில் அதன் கீழேயே ஜெபா எழுதிவிட்டான், பாதி அவன் எழுதியது, அவன் சம்மதிக்கவில்லை என்று. மேனேஜர் போர்டைச் சரிசெய்யும் வேலையை நிறுத்திவிட்டார்.

ஏழு கடல் தாண்டி, அதாவது ரெண்டு பஸ் மாறி, அவன் வேலை பார்க்கும் காட்டுப்பள்ளி துறைமுகத்திலேயே அவனைப் பிடித்தேன். நான் போட்ட சத்தத்தில் கப்பல்கள் திசை மாறின. அவன் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: “அக்கா கண்ணாலத்துக்கு நான் வராதது தப்புதான் மாமா. அதுக்காக என் பேரையே தூக்கிடுவாளா? ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் இன்னா மாட்டேன்னா சொல்லப்போறேன்?”

திரும்பி வந்து அந்த லைசென்ஸ் முழுவதையும் ஜெகனிடம் படித்துச் சொல்லச் சொன்னேன். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். பழுதானால் எழுதியவர்களைக் கேட்கக் கூடாது. ஒரே ஒரு கட்டளைதான்: உரிமைக்காரர்களின் பேர் எழுதிய வரியை எந்தப் பிரதியிலும் எடுக்கக் கூடாது. ஒருவன் சந்திரனுக்கே கொண்டுபோனாலுமா என்று கேட்டேன். ஆமாம் என்றான்.

அம்மா சுகிர்தா, நீ மன்னிப்பெல்லாம் எழுத வேண்டாம். அவனும் எழுத மாட்டான். இரண்டும் என் அக்கா பெற்றதுகள்தானே. “உன் பேரையும் சேக்கட்டுமாடா” என்று மட்டும் கேள். அதுவரை கிரேனுக்குக் கீழே நான் குனிந்தே நடக்கிறேன்.

கர்த்தர் உங்கள் இருவரையும் ஒரே வரியில் வைத்துக் காப்பாராக.

அன்புடன்,
எட்வர்ட் மாமா