தினமும் வந்த நாற்பத்தேழு

ஆகஸ்ட் 6

கேன்டீன் வரிசையில் நிற்கும்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து என்னிடம் ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன நிம்மதி!

சத்தியமாக நிம்மதிதான். ஆம்பூரில் மூன்று வருஷம் பி.எஸ்சி. படித்த காலேஜில் என் வகுப்பில் எட்டே பேர். சாப்பாட்டுக்கு நான் என்ன கொண்டுபோகிறேன் என்பது வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். ஒரு நாள் போகாவிட்டால் மேடம் வீட்டுக்குப் போன் போட்டுவிடுவார். விளையாட்டு விழாவில் குண்டு எறிவதும் நான், கடவுள் வாழ்த்துப் பாடுவதும் நான், நாடகத்தில் மரமாக நிற்பதும் நான். வேறு ஆள் ஏது?

இங்கே வேலூரில் எம்.சி.ஏ. மட்டுமே ஆறு செக்ஷன். கேன்டீனே நான்கு. வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது, வரிசை எண்தான். நான் நாற்பத்தேழு. சார் லேப்டாப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமல் "ஃபார்ட்டி செவன்" என்பார், நான் "யெஸ் சார்" என்பேன், முடிந்தது. குலசாமி பெயரைத் தூக்கி எனக்கு வைத்துவிட்டார்களே என்று பள்ளிக்கூடத்திலிருந்து புழுங்கியவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆறு செக்ஷனிலும் தேடினாலும் இன்னொரு எல்லம்மா கிடைக்கமாட்டாள்.

ஆகஸ்ட் 13

பக்கத்தில் உட்காருகிற பெண் பெயர் வஜீதா. அவளும் ஆம்பூர்தான், ஒரே பஸ். என் பெயர் கேட்டாள். "ஃபார்ட்டி செவன்" என்றேன். தமாஷ் என்று நினைத்துக்கொண்டு அப்படியே கூப்பிடுகிறாள். செக்ஷன் வாட்ஸப் குரூப்பில் என்னைச் சேர்த்துவிட்டதும் அவள்தான். அட்மிஷன் ஃபாரத்தில் நான் அப்பா நம்பரைக் கொடுத்திருந்தேன். அது பட்டன் போன், அதில் ஏது வாட்ஸப்!

ஆகஸ்ட் 22

மூன்று நாள் காய்ச்சல். இன்று போனேன். எங்கே காணோம் என்று யாரும் கேட்கவில்லை. வஜீதாவும் இந்த வாரம் லீவாம். ஒரு போன் இல்லை, ஒரு மெசேஜ் இல்லை.

நிம்மதி வேண்டுமென்று கேட்டவள்தானே நான்? அனுபவி.

செப்டம்பர் 2

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே வஜீதா உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது. "லிங்க்டு லிஸ்ட்டாம், இன்னா எழவோ. ஒண்ணுமே புரியல. ஒரே பேஜாரா இருக்கு. வீட்ல சொல்லிட்டு நின்னுடலாம்னு பாக்கறேன்."

எனக்குக் கோபம் வந்தது, அவள்மேல் இல்லை. அறுபது பேர் வகுப்பில் யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று எப்படித் தெரியும்? ஆம்பூரில் எங்களுக்கு இருந்தது ஒரே மேடம். பாதி வகுப்பில் ஆபீஸ் வேலைக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். அதனால் சாப்பாட்டுக்கு அப்புறம் புரிந்தவர் எழுந்து புரியாதவருக்கு மறுபடி சொல்லவேண்டும். அந்த நேரத்துக்கே 'மறுபடி' என்றுதான் பெயர். எட்டுப் பேரில் யாரும் ஒளிய முடியாது.

எழுந்து போர்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் நான்கு பேரையும் வஜீதாவையும் எழுப்பி வகுப்பின் ஐந்து மூலைமுடுக்கில் நிறுத்தினேன், கடைசி ஆள் நான். ஒவ்வொருவரும் தனக்கு அடுத்தவர் பெயரை மட்டும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கையில் வைத்திருக்கவேண்டும். முதல் ஆளைப் பிடித்தால் கடைசி ஆள்வரை போய்விடலாம், அதுதான் லிங்க்டு லிஸ்ட்.

இதில் ஒரு கூத்து. ஒருவருக்கும் அடுத்தவர் பெயர் தெரியவில்லை! ஒரு மாதமாக ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறோம். "பாஸ், உங்க பேரு?" "சிஸ்டர், உங்க பேரு?" என்று ஆளுக்காள் கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் வஜீதா பேனாவோடு என்னைப் பார்த்தாள். "எனக்கு அடுத்து நீதான். உன் பேரு இன்னா, நெஜமா?"

"எல்லம்மா."

யாரும் சிரிக்கவில்லை. அவள் எழுதிக்கொண்டாள். "இத சொல்றதுக்கு ஒரு மாசமா?" என்றாள்.

செப்டம்பர் 17

பெருமையாக இருக்கிறது, எழுதிக்கொள்கிறேன். என் நாட்குறிப்பு, யார் கேட்பது! இப்போது தினமும் நடக்கிற 'மறுபடி'க்கு இன்று முன்பக்கம் உட்கார இடமில்லை, பின்னால் நின்றார்கள். காவேரிப்பாக்கத்திலிருந்து வருகிற சௌந்தர்யாவுக்கு பஸ் எப்போதும் லேட், முதல் பீரியடே போய்விடும். அவள் மத்தியானம் தினமும் போனில் வீடியோ எடுத்து குரூப்பில் போடுகிறாள். டேட்டாபேஸுக்கு நேற்று மதியழகனைப் போர்டுக்குத் தள்ளினோம், வேர்த்துக் கொட்டியது அவனுக்கு. ஆனாலும் சொல்லிவிட்டான்.

அக்டோபர் 8

எழுதித்தான் ஆகணும்.

இன்டர்னல் டெஸ்ட் பேப்பர் கொடுத்தாங்க. என்னுது மட்டும் வரல. கோஆர்டினேட்டர் புகழேந்தி சார் ரூமுக்கு வரச் சொன்னார். கம்ப்யூட்டரைப் பாத்தார், என்னைப் பாத்தார், திரும்பவும் கம்ப்யூட்டரைப் பாத்தார்.

"நீ எஃப் செக்ஷன்மா. சி செக்ஷன்ல இன்னா பண்ற?"

நான் சி செக்ஷனே இல்லையாம்! டைம்டேபிளில் எஃப் செக்ஷனுக்கு 304-ஆம் ரூம் என்று போட்டிருந்தது. நான் போய் உட்கார்ந்தேன். முதல் நாளே எஃப் செக்ஷனைப் புதுக் கட்டிடத்துக்கு மாற்றிவிட்டு, 304-ஐ சி செக்ஷனுக்குக் கொடுத்துவிட்டார்கள். தகவல் வாட்ஸப்பில் போனதாம். அப்பாவின் பட்டன் போனுக்கு!

சரி, அட்டென்டன்ஸ்? எஃப்-இல் நான் நாற்பத்தேழு, சி செக்ஷனில் நாற்பத்தேழு நவநீதன் என்று ஒரு பையன். சென்னையில் சீட் கிடைத்து முதல் வாரமே போய்விட்டான், பெயரை யாரும் எடுக்கவில்லை. இரண்டு மாதமாக நான் "யெஸ் சார்" சொன்னது அத்தனையும் அவன் கணக்கில் ஏறியிருக்கிறது. ஒரு நவநீதனுக்குப் பெண் குரல் எப்படி வந்தது என்று ஒரு சாருக்கும் தோன்றவில்லை.

எஃப் செக்ஷனில் எல்லம்மா ஒரு நாள்கூட வரவில்லை. இனிமேல் விடாமல் வந்தாலும் எழுபத்தைந்து சதவீதம் தேறாது, செமஸ்டர் எழுத முடியாது, ஒரு வருஷம் போச்சு. "நீ சி-ல இருந்தேன்னு யாராச்சும் சொன்னாத்தான்மா நான் மேல பேச முடியும்" என்றார். சி-க்கு வருகிற சார்களைக் கேட்டாராம். "பாத்த முகம் மாதிரி இருக்கு" என்றார்களாம்.

பாத்த முகம் மாதிரி.

வெள்ளிக்கிழமை டீன் மேடத்தைப் பார்க்க அப்பாவோடு வரச் சொல்லியிருக்கிறார்.

அதே நாள், சாயங்காலம்

அப்பா ஷூ கம்பெனியிலிருந்து வந்து கால் கழுவக்கூட விடவில்லை, வாசலிலேயே கொட்டித் தீர்த்துவிட்டேன். அப்பா பட்டன் போனை எடுத்துக் காட்டினார். இன்பாக்ஸ் முழுக்க ஒரே மெசேஜ். உங்கள் மகள் எல்லம்மா இன்று வரவில்லை. இன்று வரவில்லை. இன்று வரவில்லை.

"அப்பா! இத ஏன் என்ன கேக்கல?"

"காலைல நீ பஸ் ஏர்றத நான் பாக்கறேன். சாயங்காலம் மூட்டையாட்டம் பைய தூக்கினு எறங்கறதையும் பாக்கறேன். மெசேஜ நம்பறதா, உன்ன நம்பறதா? மிஷின்ல ஏதோ கோளாறுன்னு விட்டுட்டேன். அம்மா கிட்டகூட சொல்லல."

அழுதுவிட்டேன். தினமும் அந்த மெசேஜைப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் "இன்னிக்கு இன்னா படிச்ச?" என்று கேட்டிருக்கிறார். நானும் வாய் ஓயாமல் சொல்லியிருக்கிறேன்.

அரை நாள் லீவு போட்டு வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். "நானே பேசறேன்பா."

அக்டோபர் 9

மத்தியானம் வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலேஜுக்குப் போகவில்லை. எந்த வகுப்பில் போய் உட்காருவது? சிரிப்பார்கள், மீம் போடுவார்கள், நான் ஒரு பட்டிக்காடு என்று ஊர் முழுக்கத் தெரியும். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு சி செக்ஷன் குரூப்பில் அடித்துவிட்டேன்: "நான் உங்க செக்ஷனே இல்ல. தப்பா உக்காந்துட்டேன். நாளைக்கு டீன் ரூமுக்குக் கூப்பிட்டிருக்காங்க. நான் இருந்தேன்னு சொல்ல ஆள் வேணும்."

சிரித்தார்கள். நன்றாகவே சிரித்தார்கள். மதியழகன் நவநீதனுக்கு அஞ்சலி போஸ்டரே போட்டுவிட்டான். அதற்குக் கீழே வஜீதா ஒரே வரி போட்டாள்: "எத்தன மணிக்கு?"

அக்டோபர் 10

ஜெயித்தேன். ஜெயித்தேன். ஜெயித்தேன்!

டீன் மேடம் ரூமில் நானும் புகழேந்தி சாரும் மட்டும். மேடம் விதியை வாசித்துக்கொண்டிருந்தார். வெளியே சந்தை மாதிரி சத்தம். பியூன் கதவைத் திறந்து, "மேடம், ஒரு கிளாஸே வந்து நிக்குது" என்றார். சாப்பாட்டை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். வராண்டா கொள்ளாமல் படிக்கட்டு வரை நின்றார்கள்.

முதலில் உள்ளே வந்தது வஜீதா. லேபில் வாய் திறக்கப் பயப்படுகிறவள், மூச்சு விடாமல் பேசினாள். "இவ இல்லன்னா நான் செப்டம்பர்லயே நின்னுட்டிருப்பேன் மேடம். இவ வரலன்னு சொன்னா நாங்க யாருமே வரலன்னு அர்த்தம்." பின்னாலேயே சௌந்தர்யா போனை மேஜையில் வைத்தாள். வீடியோ, வீடியோ, வீடியோ. ஒவ்வொன்றிலும் தேதி, 304-ஆம் ரூம் போர்டு, போர்டுக்கு முன்னால் சாக்பீஸும் கையுமாக நான்.

மேடம் ஒன்றைக் கடைசி வரை பார்த்தார். எனக்கு உயிர் போய்ப் போய் வந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இந்தப் பொண்ணு பேரு என்ன?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் வராண்டா மொத்தமும் கத்தியது. "எல்லம்மா!"

பள்ளிக்கூடத்திலிருந்து நான் ஒளித்துவைத்த பெயர். படிக்கட்டு வரை கேட்டது. என்ன அழகான பெயர் அது!

மேடத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. "புகழேந்தி, அந்த நவநீதன் கணக்குல இருக்கறத எடுத்து இவ கணக்குல போடுங்க. அப்புறம், இவளை ஒழுங்கா எஃப் செக்ஷன்ல கொண்டுபோய் உக்கார வைங்க."

பள்ளிகொண்டா டோல்கேட் வரும்வரை பஸ்ஸில் நானும் வஜீதாவும் சிரித்துக்கொண்டே வந்தோம். எதற்கென்று கேட்டால் தெரியாது.

அக்டோபர் 14

எஃப் செக்ஷன். தெரியாத முகங்கள், மறுபடியும் முதலிலிருந்து. ஆனால் பக்கத்துப் பெண் பெயர் கேட்டதும் சத்தமாக, முழுசாகச் சொன்னேன்.

சாயங்காலம் வஜீதா சொன்னது: சி செக்ஷனில் சார் பழக்க தோஷத்தில் "ஃபார்ட்டி செவன்" என்று கூப்பிட்டாராம். மொத்த வகுப்பும் "எஃப் செக்ஷன் சார்!" என்றதாம். அவர் முதல் தடவையாக லேப்டாப்பிலிருந்து தலையை நிமிர்த்தினாராம்.

நவம்பர் 27

ஹால் டிக்கெட் வந்தது. தலைமாட்டில் வைத்திருக்கிறேன். 'மறுபடி' இப்போது இரண்டு செக்ஷனுக்கும் சேர்த்து 304-இல்.

ஜனவரி 21

காய்ச்சல், போகவில்லை. காலை பத்து மணிக்கு எஃப் செக்ஷனிலிருந்து ஒருத்தி: "எல்லம்மா, ஏன் வரல?" அப்புறம் சௌந்தர்யா. அப்புறம் மதியழகன். போனைக் கீழே வைக்க முடியவில்லை. அம்மா, "யாரு இவங்கல்லாம்? ஆம்பூர் காலேஜ் மேடமே தேவலாம் போலருக்கே" என்றாள்.

சாயங்காலம் வாசலில் வஜீதா, கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலும் பன்னும். அப்பா அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்திருந்தார். பட்டன் போனில் டொய்ங் என்று சத்தம். எடுத்துப் பார்த்தார். உங்கள் மகள் எல்லம்மா இன்று வரவில்லை.

"ஆளு வந்தப்புறம் வருது பாரு மெசேஜ்" என்றார்.

வஜீதா செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். நேற்றுப் புதிதாகச் சேர்ந்த சார் இன்று கிராஃப் நடத்தினாராம், பாதிப் பேருக்குப் புரியவில்லையாம். "மத்தியானம் யாரு எடுத்தா?" என்று கேட்டேன்.

"நான்தான். இன்னா அப்படி பாக்கற? ரெண்டு செக்ஷனும் இருந்துச்சு." பையிலிருந்து பேனாவை எடுத்தாள். ஹார்லிக்ஸ் சுற்றிவந்த தாளை முழங்காலில் வைத்து நீவினாள். "எழுந்து உக்காரு. உனக்கு மறுபடி."