செவ்வாய் மதியம் ஒரு மணி

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா? பாப்பாவுக்கு இருமல் நின்றதா? மாத்திரையை நிறுத்த வேண்டாமென்று மாமாவிடம் நான் சொன்னதாகச் சொல்.

இங்கே ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. ஆபீஸ் இணையம் முழுவதும் போய்வரும் ரவுட்டருக்குள் யார் நுழைந்தாலும், எதை மாற்றினாலும் தானாகப் பதிவாகும்படி போன வாரம் அமைத்தேன். முன்பு இருந்தவர் அதன் கடிகாரத்தைக்கூடச் சரிசெய்யவில்லை. நான் நொடி பிசகாமல் வைத்தேன்.

செவ்வாய் மதியம் ஒரு மணிக்கு என் பெயரில் யாரோ நுழைந்து, கிடங்குக் கேமராக்களை இருபது நிமிடம் நிறுத்தியிருப்பதாக அந்தப் பதிவு சொல்கிறது. அந்த இருபது நிமிடத்தில் சரக்கு காணாமல் போயிருக்கிறது. என் கடவுச்சொல் எனக்கு மட்டும்தான் தெரியும். என்னை விட்டால், மேனேஜர் பீரோவில் ஒட்டி வைத்த கவரில் இருக்கிறது.

பதறிப்போய் அவரிடமே கொண்டு காட்டினேன். “நல்ல வேலை பண்ணியிருக்கீங்க தம்பி. நேரமெல்லாம் கச்சிதமா இருக்கே. ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுங்க,” என்றார். கொடுத்தேன். சாயங்காலம், விசா ஏதோ புதுப்பிக்க வேண்டுமென்று என் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்.

இந்தப் பக்கம் வருகிறவர்களிடம் இரண்டு பனியன் கொடுத்துவிடு. பாப்பா போட்டோ ஒன்றும் வை, சிரிக்காவிட்டாலும் பரவாயில்லை.

மேனேஜர் கூப்பிடுகிறாராம், முடிக்கிறேன். செவ்வாய்க்கிழமை அந்த நேரம் முழுவதும் நான் மாடிப்படியில் உட்கார்ந்து உன்னோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். அந்த அழைப்பு உன் போனில் இருக்கும். பாப்பா கையில் போனைக் கொடுக்காதே, விளையாட்டாக அழித்துவிடுவாள்.

உன்,
பாப்பா அப்பா