'கோல்டு'க்கு ஐந்து புள்ளி

ஜூன் 10, 2024
கேஜிஎஃப் ராபர்ட்சன்பேட்டையில் உட்கார்ந்து, ஒரு கிளினிக் உட்படப் பதினொரு இடங்களுக்கு மெயில் சர்வர் நடத்துகிறோம். ஒவ்வொரு மெயிலையும் பிரித்து மேய்ந்துதான் உள்ளே விடுகிறது குப்பை மெயிலைத் தடுக்கும் ஃபில்டர். வந்து சேர நாற்பது நிமிஷம். கிளினிக் நர்ஸ் தெரசா அக்கா போனில் கத்தினார்: "இன்னாம்மா பாக்கியா, லேப் ரிப்போர்ட்டுக்கு டாக்டர் காத்துனு கீறாரு!"

ஜூன் 11
சோதனையைக் குறைத்தேன். வேகம் வந்தது, கூடவே கோல்டு லோன் விளம்பரக் குப்பையும். ஒரே காலையில் இருநூறு. "வேகமும் வேணும், குப்பையும் வரக்கூடாது," என்கிறார் முதலாளி டைட்டஸ் சார். சொல்வதற்கென்ன!

ஜூன் 12
பிடித்துவிட்டேன்! 'கோல்டு' என்ற சொல் இருந்தால் ஐந்து குப்பைப் புள்ளி. ஐந்து வந்தால் மெயில் உள்ளே போகாமல் தனிப் பெட்டியில் ஒதுக்கப்படும். மற்றவை நான்கே நொடியில் போகின்றன. டைட்டஸ் சார் பஜ்ஜி வாங்கித் தந்தார். பெருமையாகத்தான் இருக்கிறது.

ஜூன் 14
ஒரு புகார்கூட இல்லை.

ஜூன் 17
தெரசா அக்கா நேரிலேயே வந்தார். கிளினிக் நோயாளி சரோஜம்மாவின் கழுத்துக் கட்டி ரிப்போர்ட்டை லேப் புதன்கிழமையே அனுப்பிவிட்டதாம். "அந்தம்மா தெனம் வந்து பெஞ்சுல உக்காந்துட்டுப் போவுது."

ஒதுக்கியதைத் திறந்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு மெயில். முதல் மெயிலின் முகவரியில் 'கோலார் கோல்டு ஃபீல்ட்ஸ்'. அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும் — புகார் மெயில்களும் அங்கேதான் கிடந்தன.

என்னையே திட்டிக்கொண்டேன்: அடிப்பாவி! இங்கியே பொறந்து, கேஜிஎஃப் கேஜிஎஃப்னே சொல்லி, நடுவுல இருக்கிற அந்த ஜி இன்னான்றதே மறந்து போச்சா?

சரோஜம்மாவின் ரிப்போர்ட்டும் இருந்தது. தலைப்பில் 'அவசரம்'. ஐந்து நாள்.

ஜூன் 18
"லேப்ல லேட்டுன்னு சொல்லிடலாம்," என்றார் டைட்டஸ் சார். எனக்கும் ஆசைதான். பயமாக இருக்கிறது.

ஜூன் 19
கிளினிக்குக்குப் போனேன். புற்றுநோய்தானாம். ரிப்போர்ட்டை நிறுத்தி வைத்தது நான்தான் என்று சரோஜம்மாவிடம் சொன்னேன். திட்டவில்லை. "அஞ்சு நாள்ல அது பெருசாயிருக்குமாம்மா?" என்று கேட்டார். டாக்டர்தான், "அவ்ளோ சீக்கிரம் வளராதும்மா," என்றார்.

ஜூலை 2
கிளினிக் மெயிலுக்கு இப்போது புள்ளியே கிடையாது. மற்றவற்றில் ஒதுக்கியதைத் தினமும் நானே பார்க்கிறேன். குப்பை கொஞ்சம் வரத்தான் செய்கிறது.

நாளை பெங்களூருவில் சரோஜம்மாவுக்கு ஆபரேஷன். என்னையும் கூப்பிட்டார். "அங்கயும் ரிப்போர்ட் மெயில்லதான் வருமாம். நீ பக்கத்துலயே இரு."

லீவு போட்டுவிட்டேன்.