பெல்ட்டுக்கும் தட்டுக்கும் நடுவே

ஜலந்தர்,
வியாழக்கிழமை.

அன்பு மகன் நிர்வைருக்கு உன் பாபுஜியின் சத் ஸ்ரீ அகால். வாஹேகுரு கிருபையில் நீ அங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நான், உன்னைப் பெற்ற பீஜி, உன் தம்பி ஹர்தித் மூவரும் இருக்கிறோம். நலமா என்பதைக் கடிதத்தின் பாதிக்கு மேல் நீயே தெரிந்துகொள்வாய். போனில் சொன்னால் நடுவில் "விடுங்க பாபுஜி" என்று வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். பீஜிக்கு முழங்கால் வலி, ஆனாலும் தினமும் குருத்வாராவில் ரொட்டி போடப் போகாமல் இருக்கமாட்டாள். நம் பட்டறைக்கு இடுக்கி ஆர்டர் பரவாயில்லாமல் வருகிறது.

இத்தாலிக்காரர்கள் உன்னைப் பெட்டி அடுக்கும் வேலையிலிருந்து இரும்பைத் தேய்க்கும் பெல்ட் மெஷினுக்கு மாற்றியதாகவும் பெல்ட் ஒரு பக்கமாகவே ஓடுகிறது என்றும் எழுதியிருந்தாய். முதலில் சுவிட்சை மட்டும் நம்பாதே, பிளக்கையே பிடுங்கிவிடு. பெல்ட்டின் உள்பக்கம் அம்புக்குறி இருக்கும், சக்கரம் சுற்றும் திசையும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும், மாற்றிப் போட்டால் ஒட்டு பிரிந்து முகத்தில் அடிக்கும். ஓரத்தில் நகக்கண் அளவு கிழிசல் இருந்தாலும் தூக்கிப் போடு, முதலாளி முறைத்தால் முறைக்கட்டும். மாட்டி, இழுவையை ஏற்றி, கையால் பத்துச் சுற்றுச் சுற்றிப் பார். ஒதுங்கினால் மேல் சக்கரத்துத் திருகைக் கால்வாசி திருப்பு, மறுபடி சுற்று, மறுபடி கால் திருப்பு. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. நடுவில் நின்ற பிறகு பிளக்கைப் போட்டு, பெல்ட்டுக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, ஒரு கணம் ஓடவிட்டு உடனே அணை. சரியாக ஓடினால் ஒரு நிமிஷம் சும்மா ஓடட்டும். கையுறை போடாதே, தாடியைக் கட்டிக்கொள், கண்ணாடி இல்லாமல் உட்காராதே. அங்கே அலுமினியமும் தேய்ப்பீர்கள் என்றால் அந்தத் தூள் கிடக்கும் பெட்டியில் இரும்புப் பொறி விழ விடாதே, தீப்பற்றும். எல்லாம் முடிந்து மெஷினை அணைத்து, கடைசியாகச் செய்ய வேண்டியது முன்னால் இருக்கும் தட்டு. வேலைப்பொருளைத் தாங்கும் அந்தத் தட்டுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே ஒரு ரூபாய்க் காசு நுழையும் இடம், அதற்கு மேல் வேண்டாம். போல்ட் இரண்டையும் இறுக்கி, கையால் ஆட்டிப் பார். பெல்ட் மாற்றும்போதெல்லாம், யார் தொட்டிருந்தாலும், நீயே பார். நான் தொட்டிருந்தாலும்.

இதுவரை எழுதுவது சுலபமாக இருந்தது. உன் கடிதத்தின் கடைசியில், கை இரும்புக் காப்பை மெஷினில் மாட்டாதபடி மேலே ஏற்றித் துணியால் கட்டிவிட அங்கே ஆள் இல்லை, பல்லால் இழுத்து நானே முடிச்சுப் போட்டுக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. வலது கைக் காப்பை ஒற்றைக் கையால் கட்ட முடியாது, அதனால்தான் நம் பட்டறையில் பக்கத்தில் இருப்பவன் கட்டிவிடுவது வழக்கம். ஹர்தித்துக்கு அடிபட்ட அன்று நீயும் அவனும் பேசிக்கொள்ளவில்லை. உன் ஸ்கூட்டரை அவன் மேளாவுக்கு எடுத்துப் போய் மட்கார்டை நெளித்துக்கொண்டு வந்திருந்தான். அவன் கையை நீட்டினான், நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அவனும் ரோஷத்தில் அப்படியே போய் பெல்ட் மெஷினில் உட்கார்ந்தான். காப்பு இறங்கி மாட்டி, மூன்று விரல் போயிற்று. ஆஸ்பத்திரியில் எல்லோரும் பார்த்தது கட்டாத காப்பைத்தான். "ஒரு முடிச்சுப் போட்டிருந்தா உனக்கு என்னடா கொறஞ்சு போயிருக்கும்" என்று பீஜி உன்னைக் கேட்டாள். மூன்றே மாதத்தில் ஊரை விட்டே போனாய்.

அந்தக் காலையில் நீங்கள் வருவதற்கு முன் நான் பைப் ரெஞ்சின் பெரிய தாடைகளைத் தேய்த்தேன் மகனே. அவை நடுவில் அடங்கவில்லை என்று தட்டைப் பின்னால் இழுத்தேன். இரண்டு விரல் இடைவெளி. டீ குடிக்க எழுந்தவன் பழையபடி தள்ளி வைக்க மறந்தேன். ஹர்தித் தேய்த்த இடுக்கியை அந்த இடைவெளி உள்ளே இழுத்தது, பின்னாலேயே கையும் போனது. இதில் மறதியை மன்னிக்கலாம். ஆஸ்பத்திரியிலிருந்து சாயங்காலம் பட்டறைக்குத் திரும்பி, யாரும் பார்ப்பதற்கு முன் தட்டை முன்னால் தள்ளி இரண்டு போல்ட்டையும் இறுக்கினேனே, அதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. ஆறு வருஷமாக உன்னை உன் தாயும் தம்பியும் குறை சொன்னபோதெல்லாம் அதே முற்றத்தில் உட்கார்ந்து டீ குடித்தவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை ஹர்தித்திடம் சொல்லிவிட்டேன். இடது கையால் இடுக்கிகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றுவதை நிறுத்தாமலே கேட்டான். பிறகு, "அவன் போன் வந்தாலே நான் எந்திரிச்சு வெளிய போவேன். நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?" என்றான். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை, சாப்பாட்டையும் மாடிக்கு எடுத்துப் போகிறான். பீஜி ரொட்டியை வைக்கிறாள், வேண்டுமா போதுமா என்று கேட்பதில்லை. எனக்கு இது குறைச்சல்தான்.

நேற்று அவன் பீஜியிடம் உன் நம்பரைக் கேட்டு வாங்கினான். என் கடிதம் உன் கைக்கு வரும்வரை பொறுக்கும்படி அவளைக் கொண்டு கேட்டேன், சரி என்றானாம். அதனால் இது கிடைத்ததும் வீட்டுக்கு ஒரு தரம் மணி அடித்து வைத்துவிடு, அவன் கூப்பிடுவான். மறக்காதே. எனக்காக அவனிடம் பரிந்து பேசாதே. அவன் என்னைத் திட்டினால் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள், உனக்கும் திட்ட வேண்டும் போலிருந்தால் சேர்ந்து திட்டுங்கள். எப்படியாவது இருவரும் பேசுங்கள். முகத்தைத் திருப்பியது உன் கோபம், அதை அவனிடமே சொல்லிக்கொள். தட்டு இருக்க வேண்டிய இடத்தில் இருந்திருந்தால் காப்பு கட்டாமலிருந்தும் அவன் கை உள்ளே போயிருக்காது. அவன் விரல்கள் போனது உன்னால் இல்லை.

குரு உன் இரண்டு கைகளையும் காக்கட்டும், நீண்ட ஆயுளோடு இரு.

இதை அன்றே ஆஸ்பத்திரி வாசலில் சொல்லியிருக்க வேண்டிய
உன் பாபுஜி,
பச்சித்தர் சிங்